கொரட்டூர் வீட்டு ரெட் டெயில்: இரண்டடி மீனுக்கு இடம் தேடிய கதை

சென்னை கொரட்டூரில் மாமா வீட்டு மீன் தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 566 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஹாலில் பார்த்தால் பெரிய தொட்டிதான். அதற்குள் இருந்த ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்ற கெளுத்தி மீன் 2023 டிசம்பரில் 65 சென்டிமீட்டர் இருந்தது. 2 அடி என்பது 61 சென்டிமீட்டர். ஆக, தொட்டியின் அகலத்தைவிட மீனின் நீளம் அதிகம். திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில்லாக வளைத்து, மூக்கை ஒரு கண்ணாடியிலும் வாலை இன்னொரு கண்ணாடியிலும் உரசிக்கொண்டுதான் திரும்பும். மூக்கில் ஆறாத புண் ஒன்று எப்போதும் இருந்தது.

தொட்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் நீளத்தைத்தான் கேட்பார்கள். நாலடியா, அஞ்சடியா என்று. பெரிய மீனுக்கு முதலில் பார்க்க வேண்டியது அகலம். இதை நான் மாமாவிடம் 2021-லேயே சொல்லியிருக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது நானும் ரசித்துவிட்டு வந்தவன்தான்.

அந்த மீன் வந்த கதை எல்லோர் வீட்டுக் கதையும்தான். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த நேரம். மாமா பையனுக்கு ஏழாம் வகுப்பு கைபேசிக்குள் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை சோர்ந்து கிடக்கிறானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தானே. 3 அங்குலக் குட்டி, 250 ரூபாய். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு வால், மூன்று ஜோடி மீசை. கூடவே ‘ஷார்க்’ என்று நாலு குட்டிகள். எவ்வளவு பெரிதாகும் என்று மாமா கேட்டிருக்கிறார். “தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் சார் வளரும்” என்று பதில் வந்திருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தால் செத்த மீன்கள் ஏராளம். மீனுக்குத் தொட்டியின் அளவு தெரியாது. தண்ணீர் கெட்டுப்போனால் வளர்ச்சி மட்டுப்படும், முதுகெலும்பு கோணும், ஆயுசு குறையும். அதைப் பார்த்துத்தான் ‘தொட்டிக்கேற்ப நின்றுவிட்டது’ என்கிறார்கள். ரெட் டெயில் அமேசான், ஒரினோகோ ஆறுகளின் மீன். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். 2010-ல் பிரேசிலில் தூண்டிலில் பிடிபட்டது ஒன்று 56 கிலோ. அந்த ‘ஷார்க்’ சுறாவே இல்லை. மேகாங் ஆற்றுப் பங்காசியஸ் கெளுத்தி. ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்து, இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ‘பாசா’ என்று துண்டு போட்டு விற்கிறார்களே, அதே மீன். அதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும்.

நாலு ஷார்க்கில் இரண்டு முதல் வருடத்திலேயே காணாமல் போயின. எங்கே போயின என்பதை ரெட் டெயிலின் வயிறு சொன்னது. அத்தை ரெட் டெயிலுக்கு ‘மீசை’ என்று பெயர் வைத்தார். கோழி ஈரல், கோழிக் கழிவு, எப்போதாவது மத்தி என்று தினமும் சாப்பாடு. இரண்டேகால் வருடத்தில் 65 சென்டிமீட்டர். எடை நாலரை கிலோ இருக்கலாம் என்பது என் கணக்கு. மிஞ்சிய இரண்டு ஷார்க்கும் ஆளுக்கு ஒன்றரை கிலோ.

மிக்ஜாம்

வேறு வீடு தேட வேண்டும் என்ற பேச்சு ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. முடிவெடுக்க வைத்தது புயல். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் கொட்டிய மழையில் கொரட்டூர் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மாமா வீடு முதல் மாடி என்பதால் தொட்டி தப்பித்தது. ஆனால் 50 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் முதல் நாள் இரவோடு ஓய்ந்துவிட்டது. அப்புறம் அத்தையும் பையனும் மாற்றி மாற்றி மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விடிய விடிய. மீன்கள் பிழைத்தது அதனால்தான்.

கரண்ட் வந்ததும் மாமா ஓடிப்போய் ஃபில்டரைப் போட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டு நாள் ஓடாமல் நின்ற ஃபில்டருக்குள், கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா மூச்சுக்கு வழியில்லாமல் செத்து அழுகியிருக்கும். அதைக் கழுவாமல் போட்டால் அந்த அழுகல் முழுக்கத் தொட்டிக்குள் வரும். வந்தது. தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது.

நான் வில்லிவாக்கத்தில் இருந்து போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. தண்ணீரைச் சோதிக்கும் கிட்டை வைத்துப் பார்த்தேன். பி.எச். 6; இந்த எண் குறையக் குறையத் தண்ணீர் புளிப்பு. மீன் கழிவில் இருந்து வரும் அமோனியா, கிட்டில் இருக்கும் கடைசி நிறம்: லிட்டருக்கு 8 மில்லிகிராம், அல்லது அதற்கும் மேல். இவ்வளவு அமோனியாவிலும் மீன்கள் அமைதியாக இருந்தன. அதற்கான காரணத்தை அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், லாரித் தண்ணீருக்கு, குளோரினை நீக்கும் ஹைப்போ போட்டு, பாதிக்கு மேல் மாற்றிவிட்டேன். லாரித் தண்ணீரின் பி.எச். 8.

இந்தக் கதையில் நடந்த பெரிய தப்பு இது, அதைச் செய்தது நான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பல மாதம் தண்ணீர் சரியாக மாற்றாத தொட்டியில் பி.எச். மெல்ல இறங்கிக்கொண்டே வரும். புளிப்பான தண்ணீரில் அமோனியா அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அது மீனை அவ்வளவாகத் தாக்காது. பி.எச். 6-ல் மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8-க்கு வந்தால் அதுவே, நம் ஊர் வெப்பத்தில், நூற்றில் ஐந்தாறு பங்கு. அதாவது நான் தண்ணீரை மாற்றி மொத்த அமோனியாவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தேன். ஆனால் அதில் நஞ்சான பங்கைப் பல மடங்கு ஏற்றிவிட்டேன். நல்ல தண்ணீர் ஊற்றி மீனைக் கொல்வது இப்படித்தான்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு இரண்டு ஷார்க்கும் மேலே வந்து வாய் திறந்தன. ஆக்சிஜன் போதவில்லை என்றார் மாமா. பங்காசியஸுக்கு மேலே வந்து காற்றை விழுங்கி, காற்றுப்பையால் மூச்சுவிடத் தெரியும். மூச்சுக்காற்று மட்டும் பிரச்சினையென்றால் அது சமாளித்திருக்கும். செவுளைத் திறந்து பார்த்தால் காவி நிறத்தில் வெந்தது போல இருந்தது. பெரிய ஷார்க் விடிவதற்குள் செத்தது. என் வீட்டுத் தொட்டியில் இரண்டு வருடமாக ஓடிய, அந்தப் பாக்டீரியா உயிரோடு இருந்த பஞ்சு ஃபில்டர்கள் நான்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து இங்கே போட்டதில், இன்னொரு ஷார்க்கும் மீசையும் தேறின. பத்து நாள் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அத்தை காபியை நீட்டிக்கொண்டே சொன்னார்: “டேய், இதை நல்ல இடமாப் பாத்து யாருக்காவது குடுத்துடு. இன்னொரு புயலுக்கு நான் மக்கைப் பிடிச்சுட்டு நிக்க மாட்டேன்.”

யாருக்குக் கொடுப்பது

முதலில் கடை. வாங்கிய கடையில் கேட்டோம். “சின்னதா இருந்தா எடுத்துப்பேன் அண்ணே. இதை எங்க வைக்கிறது? பக்கத்துல இருக்கிறதையெல்லாம் முழுங்கிடும்.” அவர் சொன்னதில் தப்பில்லை. 3 அங்குலத்தில் விற்பதும் 2 அடியில் மறுப்பதும் ஒரே ஆள் என்பதுதான் உறுத்தல். காட்சிக்கு மீன் வைத்திருக்கும் ஓர் இடத்துக்கும் போன் செய்தேன். ஏற்கெனவே இரண்டு ரெட் டெயில் இருக்கிறதாம். அவையும் இப்படி யாரோ கொண்டுவந்து கொடுத்தவைதான்.

எதிர் வீட்டுக்காரர் ஏரியில் விடச் சொன்னார். “உயிரை விட்டா புண்ணியம் சார். பக்கத்துலயே கொரட்டூர் ஏரி.” அத்தைக்கும் அது பாதி பிடித்திருந்தது. “அங்க உயிரோட இருக்குமில்ல?” என்று என்னைக் கேட்டார்.

இருக்கும். அதுதான் சிக்கலே. அமேசானுக்குப் பழகிய மீனைக் கொல்ல இங்கே குளிர்காலம் கிடையாது. நம் ஏரிகளில் இப்போது வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் தூக்கிப் போட்ட சக்கர் மீன்தான் வலையில் ஏறுகிறது. முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, தின்னவும் ஆளில்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சாலக்குடி ஆற்றில் அமேசானின் ராட்சத மீனான அரபைமா பிடிபட்டது; யாரோ வளர்த்த குளம் வெள்ளத்தில் உடைந்ததன் விளைவு. 2023 மே மாதம் காஷ்மீர் தால் ஏரியில் முதலை மூஞ்சிக் கார் மீன் ஒன்று கிடைத்தது. பழைய கதை வேண்டுமென்றால் ஜிலேபி கெண்டையே இருக்கிறது. 1952-ல் வெளியில் இருந்து கொண்டுவரப்பட்ட மீன் அது. இன்று நம் குளத்து மீன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இறங்கிய இடங்களில் உள்ளூர் மீன்களை நெருக்கித் தள்ளிவிட்டது. ஒற்றை மீசை தனியாகக் குட்டி போடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏரியில் விடும் ஆள் நான் ஒருவன்தானா? கோயில் குளம் என்றாலும் இதே பதில்தான்.

சரி, குழம்பு வைத்துவிடலாமே என்றார் அதே எதிர் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. ஷார்க்கைப் பொறுத்தவரை அது கேலிப் பேச்சு ஒன்றும் இல்லை, உணவு மீன்தானே. பொன்னேரிப் பக்கம் பங்காசியஸ் வளர்க்கும் ஒருவர், கொண்டுவந்து என் குளத்தில் விடுங்கள் என்றே சொன்னார். ஆனால் இந்தத் தொட்டியில் புண்ணுக்கும் பூஞ்சைக்குமாக இரண்டு முறை மாலகைட் கிரீன் போட்டிருக்கிறார்கள். வண்ணமீன் மருந்து, சாப்பிடும் மீனுக்கு ஆகாது, சதையில் தங்கும். அதை அவரிடம் சொன்னேன். “அப்ப வேணாங்க” என்று வைத்துவிட்டார். அவர் அப்படிச் சொன்னதில்தான் எனக்கு நிம்மதி.

கொன்றுவிடுவதையும் கணக்கில் வைத்திருந்தேன். இதைச் சொன்னதற்குப் பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிராம்பு எண்ணெயை அளவுக்கு மீறிக் கரைத்த தண்ணீரில் மீன் மயங்கி, மயக்கத்திலேயே அடங்கும். ஃப்ரீசரில் வைப்பதும் தரையில் அடிப்பதும் கூடாது. ஏரியில் விடுவதற்கும் இதற்கும் இடையில்தான் தேர்வு என்றால் நான் இதைத்தான் செய்வேன். மார்ச் கடைசி வரை பார்ப்பது, கோடைக்கு முன் இடம் கிடைக்காவிட்டால் இந்த வழி என்று மாமாவும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். பையனுக்குச் சொல்லவில்லை.

இடையில் ஒரு சட்டச் சந்தேகம் வந்தது. ஆசிய அரோவானா, அரபைமா போல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகளை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். ரெட் டெயில் அந்தப் பட்டியலில் இல்லை. மீசைக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

மீன் வளர்ப்போர் வட்டத்தில் சொல்லி வைத்ததில் 14 பேர் கேட்டார்கள். ஒன்பது பேரிடம் இருந்தது ஆறடித் தொட்டி. பிரச்சினையை வேறு வீட்டுக்கு மாற்றுவதுதான் அது. மூன்று பேர் விலை கேட்டார்கள், ஒருவர் வாங்கிய கையோடு விற்றுவிடுவார் என்று பேச்சிலேயே தெரிந்தது. எல்லோரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் தொட்டி நிரம்பி வழியுமா? நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் நிறையப் பேர் கோபித்துக்கொண்டார்கள்.

கோபிக்காமல் பதில் சொன்னவர் செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். 15 அடிக்கு 10 அடி சிமெண்ட் தொட்டி, 5 அடி ஆழம்: ஏறக்குறைய 21,000 லிட்டர், மாமா தொட்டியைப் போல 37 மடங்கு. சுவர் தரைமட்டத்துக்கு மேல் இரண்டரை அடி எழுப்பியிருந்தது. மேலே கம்பி வலை, பக்கத்தில் ஜெனரேட்டர், தோட்டத்திலேயே குடியிருக்கும் ஒரு குடும்பம். ஏற்கெனவே பெரிய மீன்கள் மட்டும். நேரில் போய்ப் பார்த்தேன். அவரும் திருப்பிக் கேள்வி கேட்டார்: புண் ஆறிவிட்டதா, என்ன மருந்து போட்டீர்கள், கடைசியாக எப்போது? கேள்வி கேட்கிறவரிடம் மீனைக் கொடுக்கலாம். எஞ்சிய ஒற்றை ஷார்க்கை ஆவடியில் ஒருவர் தன் ஒன்பது பங்காசியஸோடு சேர்த்துக்கொண்டார். கூட்டத்தில் வாழும் மீன் அது. தனியாக இருந்த ஒரு மாதமும் நிழல் பட்டாலே கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

எடுத்துச் சென்றது

செங்கல்பட்டுத் தோட்டத்து போர் தண்ணீர் பி.எச். 7.8. மீசையைக் குறைந்த பி.எச்.சில் இருந்து அப்படியே கொண்டுபோய் அதில் இறக்கினால் அந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்காது. அதனால் அமோனியா பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து, ஜனவரி முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினோம். ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் கழுவிய கிளிஞ்சல் போட்டேன். கிளிஞ்சல் மெல்லக் கரைந்து பி.எச்.சை ஏற்றும், எகிற விடாது. ஆறு வாரத்தில் 7.4 வந்தது. பையன் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தான், என்னைவிட ஒழுங்காக.

2024 பிப்ரவரி 18, ஞாயிறு. அதற்கு முன் ஐந்து நாள் சாப்பாடு கொடுக்கவில்லை. அத்தைக்கு அதுதான் பெரிய வருத்தம். பயணம் போகிற பிள்ளையை யாராவது பட்டினியோடு அனுப்புவார்களா என்றார். வயிறு நிறைந்த கெளுத்தி பெட்டிக்குள் கக்கிவிடும், அந்தத் தண்ணீரே அதற்கு எமன்.

வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. கெளுத்தியின் மார்புத் துடுப்பில் ரம்பம் போல முள் இருக்கிறது; வலையில் மாட்டினால் வலையை அறுக்க வேண்டும் அல்லது துடுப்பு கிழியும். அதனால் ஃப்ளெக்ஸ் பேனர். தெருவில் யாருடைய மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ கட்டிய பழைய பேனரை மாமா எடுத்து வைத்திருந்தார். வழுவழுப்பானது, தண்ணீரை உறிஞ்சாது, மீனின் வழவழப்புப் படலத்தை உரிக்காது. கழுவி நனைத்து, தொட்டித் தண்ணீரை ஓரடிக்கு இறக்கி, மீனுக்கு அடியில் மெதுவாகத் தள்ளினோம். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தூக்கும்போது மீசை ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது. மாமா பேனரைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். துடுப்பு முள்ளை மூட்டில் தேய்த்து எழுப்பும் சத்தம் அது. மீன் கத்தும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மீன் வியாபாரியிடம் வாடகைக்கு எடுத்த பெரிய ஐஸ் பெட்டி, உள்ளே ஒரு மீட்டர் நீளம். பாதிக்கும் குறைவாகத் தொட்டித் தண்ணீர், இரண்டு பேட்டரி ஏர் பம்ப். இரண்டாவது பம்ப் வீண் என்றார் குட்டியானை ஓட்டுநர். வண்டலூர் தாண்டியதும் முதல் பம்ப் நின்றுவிட்டது. மூடியைச் சாத்தி இருட்டாக்கிவிட்டதால் மீன் அசையவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்குச் சேர்ந்தோம். வண்டிக்கு 3,500 ரூபாய். மீன் வாங்கிய விலையைப் போல 14 மடங்கு என்று பையன்தான் கணக்குப் போட்டுச் சொன்னான்.

போனதும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பழக்கவில்லை. பெட்டியில் சேர்ந்திருக்கும் கழிவிலேயே மீனை ஊறவைத்து, பி.எச்.சையும் ஏற்றினால் மறுபடி அதே பொறிதான். அரை மணி நேரம் மக் மக்காக அவர் தண்ணீரைக் கலந்துவிட்டு, பேனரிலேயே தூக்கி, தனியாக வைத்திருந்த 1,500 லிட்டர் ஃபைபர் தொட்டியில் இறக்கினோம். மூன்று வாரம் அங்கே. நோய் ஏதும் இருந்தால் மற்ற மீன்களுக்குப் போகாமல் இருக்க.

11 நாள் எதையும் தொடவில்லை. தோட்டக்காரர் பயந்து போன் செய்தார். நாலரை கிலோ கெளுத்திக்கு 11 நாள் பெரிய விஷயம் இல்லை என்று அவரிடம் தைரியமாகச் சொல்லிவிட்டு நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். 12-ஆம் நாள் ஒரு மத்தியை விழுங்கியது. இப்போது வாரத்துக்கு இரண்டே முறை மீன், இறால். கோழிக் கொழுப்பு கிடையாது. அது மீனின் ஈரலில் போய்ப் படியும்.

பெரிய தொட்டியில் விட்ட அன்று பையனையும் கூட்டிப் போனேன். பாய்ந்து நீந்தும் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மீசை ஒரு மூலைக்குப் போய், ஐந்தடி போவதும் உடம்பை வளைத்துத் திரும்புவதுமாக இருந்தது. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும். மூன்றாம் நாள்தான் எதிர்ச் சுவர்வரை போனது என்று தோட்டக்காரர் சொன்னார்.

காலித் தொட்டியை விற்க மாமாவுக்கு மனம் வரவில்லை. இப்போது அதில் 20 சின்னக் கெண்டைகள் ஓடுகின்றன, நம் ஊர் மிஸ் கேரளா வகை, கையளவுக்கு மேல் வளராதவை. வாங்குவதற்கு முன் பையன் கடைக்காரரிடம் அறிவியல் பெயரைக் கேட்டிருக்கிறான். கடைக்காரர் முறைத்தாராம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, அத்தை முதலில் போன் செய்தது எனக்கு. “அங்க கரண்ட் இருக்கா, கேளுடா.” கேட்டேன். தோட்டக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார். இருட்டு, மழை, ஜெனரேட்டர் இரைச்சல், டார்ச் வெளிச்சத்தில் தொட்டிச் சுவரின் விளிம்புக்கு ஒன்றே முக்கால் அடி கீழே தண்ணீர் மட்டம். மீசை கண்ணில் படவே இல்லை. அத்தை அதை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, ஆரஞ்சாக ஏதோ தெரிகிறது என்றார்.